காட்டெருமைக்குத் துருப் பிடித்த கதை

பட்டறை வீதியில் யாராவது பொய் சொன்னால் ஒரு காருக்குத் துருப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நான்கு மாதத்தைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் சிங்காநல்லூர்க்காரர்கள் அசர மாட்டார்கள். ஆமாங்க, புடிச்சுது, அப்புறம் வுட்டுது, நீங்க டீ சாப்புடறீங்களா என்பார்கள், ஏனென்றால் குளத்துக்குத் தெற்கே லேத்தும் பவுண்டரியும் வெல்டிங்கும் டிங்கரிங்கும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த வீதியில் இரும்பு எதைச் செய்தாலும் அதற்கொரு காரணம் இருக்கும் என்று எல்லாரும் நம்புகிறவர்கள், அந்தக் காரணத்தைத் தோண்டிக்கொண்டிருக்க ஒருத்தருக்கும் நேரம் இல்லாதவர்கள். ஆனால் அந்தத் துருவில் முதல் பொட்டை வைத்தவள் துளசிமணி என்பது மட்டும் கடைசி நாள்வரை துளசிமணியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

காரின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில், மில்லுக்குப் புது மெஷின் பூட்ட வந்த ஓர் அமெரிக்க இன்ஜினியர் கப்பலில் கூடவே கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது மில் முதலாளியிடமே விட்டுவிட்டுப் போன கார் அது. கத்தரிப்பூ நிறம், இரண்டே கதவு, இடதுபக்கம் ஸ்டீயரிங், மூக்கு நீண்டு பின்புறம் பருத்து, எட்டு சிலிண்டரையும் ஒன்றாகக் கிளப்பினால் நாலு வீடு தள்ளி அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். மசில் கார் என்று அந்த ரகத்துக்கே ஒரு பேர் உண்டு, அதற்கென்று புத்தகங்கள் உண்டு, எந்த வருஷத்து வண்டியில் எந்தத் திருகாணி எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று சண்டை போடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. இங்கே அதன் அமெரிக்கப் பேர் யார் வாயிலும் நுழையாததால், ஆனைமலைப் பக்கம் போய்வந்த எவரோ காட்டெருமை என்று சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது.

தொண்ணூற்றேழில் ஒரு லாரி காட்டெருமையின் இடதுபக்கப் பின் மட்கார்டை அப்பளமாக நொறுக்கிவிட்டது. வண்டி நாச்சிமுத்துவின் டிங்கரிங் பட்டறைக்கு வந்தது. நாச்சிமுத்து துளசிமணிக்கு அண்ணன், அப்போதே வீதியில் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தவன், ஆனால் அந்த மட்கார்டின் வளைவு அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை தகடு அடித்தான், இரண்டு தடவையும் வளைவு திரும்புகிற இடத்தில் கிழிந்தது, மூன்றாவது தடவை சுத்தியலைத் தூக்கி எறிந்துவிட்டு, பஸ் பாடி கட்டும் வேலை இருக்கிறது என்று கரூருக்குப் போய்விட்டான். அப்போது இருபத்து நாலு வயதான துளசிமணி, அண்ணன் போன மறுநாள், மில்லில் கழித்துப் போட்ட பஞ்சு மெஷினின் மூடித் தகட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நல்லபடியாக இருந்த வலதுபக்க மட்கார்டின் மேல் நியூஸ்பேப்பரை ஒட்டி அளவெடுத்தாள், அந்தக் காகிதத்தைப் புரட்டிப் போட்டு இடதுபக்கத்துக்கு வெட்டினாள், பிறகு கிரைண்டர் வந்ததும் மூலையில் ஒதுங்கிவிட்ட அம்மாவின் ஆட்டுக்கல்லைக் கழுவி, அதன் குழவி மேல் தகட்டைக் கவிழ்த்து, மர உருளையால் தட்டித் தட்டி, சூடு காட்டித் தட்டி, ஆறவிட்டுத் தட்டி, நாற்பத்தோரு நாள் கழித்து ஒரு மட்கார்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அதில் ஒரு தப்பு இருந்தது. வலதுபக்க மட்கார்டில் எப்போதோ ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி இடித்து, மாங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த மாதிரி இன்னொரு காரைக் கண்ணால் பார்த்தே இராத துளசிமணி அதை அமெரிக்கக்காரனின் வேலைப்பாடு என்று நினைத்து, ரொம்பவும் சிரமப்பட்டு, இடதுபக்கத்திலும் அதே பள்ளத்தை அதே ஆழத்தில் வைத்துவிட்டாள். பூட்டிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்துப்போனது. வந்தவர்கள் எல்லாரும், அவன் எவ்வளவு அழகா ஒரு குழி வெச்சிருக்கான் பாரு என்று அந்தப் பள்ளத்தைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

கரூரிலிருந்து திரும்பிய அண்ணன் மட்கார்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். எதில் வைத்து அடித்தாய், எப்படி அடித்தாய் என்று கேட்கவில்லை. அம்மாதான் சொன்னாள், சுத்தியல் பிடிக்கிற பெண் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வரமாட்டான், அண்ணன் அடித்ததாகவே இருக்கட்டும் என்று. சரி என்றாள். மாப்பிள்ளை வந்தான், மூன்று வருஷம் இருந்தான், போய்விட்டான். பொய் மட்டும் போகாமல் அண்ணன் பட்டறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது, அவளும் கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன்தான் அடித்தது என்று சொல்லிக்கொண்டு, அதே பட்டறையில் நல்ல வேலையெல்லாம் தானே பார்த்துக்கொண்டு, ஐம்பத்தொரு வயதுக்கு வந்து சேர்ந்தாள்.

இருபத்தேழு வருஷம் மில் குடோனில் தூங்கிய காட்டெருமையைப் பழைய முதலாளியின் பேரன் கோவர்த்தனன் ஒரு தை மாதம் இழுத்துக்கொண்டு வந்தார். வைகாசியில் வ.உ.சி. மைதானத்தில் பழைய கார்ப் போட்டி, அசல் வண்டிக்குத் தனிக் கோப்பை, அதற்குள் முழுசாகப் புதுப்பித்துத் தர வேண்டும் என்றார். இறங்கினதும் இடதுபக்க மட்கார்டைத் தட்டிப் பார்த்தார்.

"இது இங்க அடிச்சதுன்னு அப்பா சொல்வாருங்க. யாரு அடிச்சது?"

துளசிமணி அந்த மட்கார்டின் மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். இருபத்தேழு வருஷத்துப் பழக்கம், நாக்கு தானாகத் திரும்பியது.

"எங்கண்ணன் அடிச்சதுங்க."

உள்ளங்கைக்குக் கீழே சுருக்கென்றது. கையை எடுத்துப் பார்த்தாள், கத்தரிப்பூ நிறத்துக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு, பத்து வருஷம் மழையில் கிடந்த தகடு மாதிரி பொரிந்து நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பட்டி வைத்தாள், பிரைமர் அடித்தாள். மறுநாள் காலையில் அதே இடத்தில் துரு இருந்தது, கொஞ்சம் பெரிசாக.

அந்த ஒரு பொய்யோடு நின்றிருந்தால் அது அவளுக்கும் காருக்கும் இடையிலான விஷயமாகவே இருந்திருக்கும். ஆனால் அதே வாரம் எதிர்க்கடை சபாபதி டீ கொண்டுவந்து கொடுத்து, "இப்பத்தான் கறந்த பாலுங்கக்கா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கதவில் ஒரு கோடு துரு இறங்கியது. பாக்கெட் பால் என்று பட்டறைக்கே தெரியும். சபாபதி துருவைப் பார்த்தான், எல்லாரும் சபாபதியைப் பார்த்தார்கள், அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "செரி, அந்தப் பேச்சத் திரும்ப எடுத்துக்கறேன், நேத்துப் பாக்கெட்டு" என்றான், கோடு பொலபொலவென்று பொடியாக உதிர்ந்து, கீழே பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஓ அப்படியா சங்கதி என்றார்கள், டீயைக் குடித்தார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பத்தே நாளில் வீதி அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. நாளைக்குக் கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பழகிய லேத்துக்காரர்கள் காட்டெருமை நிற்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, பிறகு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடியாதுங்க என்று உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தார்கள், வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டு மயக்கம் போடாததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டார் வீட்டுக் கூடத்தை விட்டுவிட்டுப் பட்டறையில் பாய் விரித்து உட்கார்ந்து பேசினார்கள், பையனுக்குக் குடிப்பழக்கம் இல்லை என்றபோது டிக்கி முழுக்கப் பழுப்பேறியது, பெண் வீட்டார் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போனார்கள். கவுன்சிலர் வீதிக்குள் வருவதையே நிறுத்திவிட்டு, குளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். ஜோசியர் ஒருத்தரைச் சோதனைக்கென்றே கூட்டிவந்து காருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரம் அவர் சொன்னதில் ஒன்றுகூட யாருக்கும் பொருந்தவில்லை, ஆனால் காரில் ஒரு புள்ளி விழவில்லை. அப்போதுதான், அவர் சொல்வதை அவரே நம்புகிறார், தப்பாகச் சொல்வதற்குக் காட்டெருமை கோபித்துக்கொள்ளாது, மனசுக்கு ஒன்று தெரிந்திருக்க வாய் இன்னொன்றைச் சொன்னால்தான் அதற்குப் பொறுக்காது என்பது வீதிக்குப் புரிந்தது.

பொய் சொன்னவர்கள் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வந்து, பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். இடது மட்கார்டில் இருந்த துரு மட்டும் போகவில்லை. காசு அளவில் இருந்தது தோசை அளவுக்கு வந்தது. இதுக்குச் சொந்தக்காரர் யாரோ, கல்லு மனசுக்காரராத்தான் இருக்கோணும் என்று சபாபதி தினமும் டீ ஆற்றிக்கொண்டே சொல்வான், துளசிமணி உப்புத்தாளை மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடி டம்ளரை வாங்கிக்கொள்வாள். அவளுக்கு யார் மேலும் பயமில்லை, லாரி ஓனர்களையே வாசலில் நிற்கவைத்துப் பேசுகிறவள், ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டைக்கு மேலே ஏறவில்லை. செத்துப்போன அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை, அண்ணன் பேர், இத்தனை வருஷம், எல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருந்தன.

சித்திரை கடைசியில் கோவர்த்தனன் ஒரு நீளமான மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே வைக்கோலுக்குப் பதில் வெள்ளைத் தெர்மாகோல், அதற்குள் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த அசல் இடது மட்கார்டு, பள்ளம் இல்லாமல், வழவழவென்று.

"துருப் புடிச்ச அந்தத் தகர அடிய அறுத்தெடுத்துட்டு இதப் பத்தவெச்சிருங்க. கட்டாயம் போட்டிக்கு முன்னாடி."

நாச்சிமுத்து தலையாட்டிவிட்டு, வழக்கம்போலத் தங்கச்சியைப் பார்த்தான். துளசிமணிக்கு அந்தத் தகர அடி என்ற சொல் காதிலேயே நின்றது. நாற்பத்தோரு நாள் மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டு அடித்த தகரம்.

"அறுக்க மாட்டனுங்க" என்றாள்.

"என்னது?"

"அந்த மட்கார்டு எங்கயும் போகாது. போட்டிக்குப் போனா அதோட போகும், இல்லாட்டி இங்கியே நிக்கும். வேற பட்டறைக்குக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோங்க, என்ஜின நான் பிரிச்சு வெச்சிருக்கறன், கூடையில அள்ளிட்டுப் போங்க."

"ஏம்மிணி, கஸ்டமர்கிட்டப் பேசற பேச்சா இது" என்றான் அண்ணன்.

"இதுதாணா பேச்சு."

என்ஜினைக் கூடையில் அள்ளிக்கொண்டு எங்கேயும் போக முடியாது என்பது கோவர்த்தனனுக்குத் தெரியும். பெட்டி மூலைக்குப் போனது. வண்டியின் எல்லாப் பாகமும் ஃபேக்டரியில் பூட்டியபடியே உள்ளன என்று ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதை அவர் காருக்குப் பக்கத்தில் வைத்துப் போடாமல் ஆபீசுக்குப் போய் ஈமெயிலில் அனுப்பினார். பொய்யை ஈமெயிலில் அனுப்பினால் காட்டெருமைக்குத் தெரியாது என்பதைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான்.

போட்டி நாளன்று பட்டறை வீதியே மைதானத்தில் இருந்தது. ஜரிகைத் துணி விரித்த மேஜைகளுக்கு நடுவே வரிசை வரிசையாகப் பழைய கார்கள், அவற்றுக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தில் காட்டெருமை, முகம் பார்க்கிற அளவுக்கு மினுமினுப்பு, இடது மட்கார்டில் மட்டும் தோசை அளவுத் துரு. அன்று விடிந்ததும்தான் நாச்சிமுத்து அதன் மேல் மூன்று கோட் பெயின்ட் அடித்திருந்தான், மைதானத்துக்கு வரும் வழியில் ராமநாதபுரம் சிக்னலைத் தாண்டுவதற்குள் அது மூன்றையும் துப்பிவிட்டது.

ஜட்ஜாக வந்தவர் சென்னைக்காரர், எத்திராஜ் என்று பேர், எழுபது வயது, வண்டிக்காரர்கள் கொடுக்கும் தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டார், முப்பது வருஷத்தில் ஒரு மார்க்கைக்கூட யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ போட்டதில்லை என்று சொன்னார்கள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம், குச்சியில் கட்டிய ஒரு கண்ணாடி, பேனா அளவில் ஒரு டார்ச், அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். காந்தத்தை வண்டி முழுக்க உருட்டினார். பட்டி பூசி ஏமாற்றிய இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும், காட்டெருமையில் எங்கேயும் வழுக்கவில்லை. என்ஜின் நம்பரைப் பார்த்தார், சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்துகொண்டே வந்து, பின்பக்கம் போனதும் நின்றது.

"எல்லாத்தையும் இவ்ளோ அழகா பண்ணிட்டு இந்தத் துருவை மட்டும் ஏன் விட்டீங்க?"

அவர் வலதுபக்கம் போனார், இடதுபக்கம் வந்தார், மறுபடி வலதுபக்கம் போனார்.

"இந்த ரகத்துல பதினோரு வண்டி பார்த்திருக்கேன். ஒண்ணுலகூட இந்தப் பள்ளம் கிடையாது. ஒரு பக்கம் இருந்தா இடிச்சிருக்கும்னு சொல்லலாம். ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல, ஒரே அளவுல எப்படி இடிக்கும்?"

கூட்டத்தில் நின்றிருந்த துளசிமணிக்கு அப்போதுதான், ஐம்பத்தொரு வயதில், அந்தப் பள்ளம் அமெரிக்கக்காரன் வைத்தது இல்லை என்று தெரிந்தது. முதலில் முகம் சுட்டது. பிறகு, அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்துப் பாராட்டிய பள்ளம் தன்னுடையது என்று நினைத்ததும் உள்ளுக்குள் ஒரு சிரிப்புப் புறப்பட்டது.

எத்திராஜ் நியூஸ்பேப்பரை விரித்து, வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, மட்கார்டின் உட்பக்கம் கையை விட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார், பச்சைப் பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி.

"மிஷின்ல பண்ணினது இல்ல" என்றார் எழுந்து. "உள்ள ஒரே கொத்துக் கொத்தா இருக்கு. யார் அடிச்சது?"

கோவர்த்தனன் காருக்குப் பக்கத்தில் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு வந்தவர். "எல்லாம் ஃபாரத்துல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். நாச்சிமுத்துதான் முன்னால் வந்தான். புதுப்பித்த பட்டறைக்கும் அங்கே ஒரு கேடயம் உண்டு, அது மேஜை மேல் கண்ணெதிரே இருந்தது.

"நான் அடிச்சதுங்க. மணல் மூட்டை மேல வெச்சு அடிச்சது."

துருவுக்குப் பக்கத்தில் இன்னொரு துரு, எலுமிச்சை அளவுக்கு, எல்லார் கண்முன்னாலும் பூத்தது. பட்டறை வீதி ஒன்றாக மூச்சை இழுத்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு தலையாக, நாச்சிமுத்துவை விட்டுத் துளசிமணியின் பக்கம் திரும்பியது.

அண்ணன் அடித்தான் என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அப்போதெல்லாம் வலிக்கவில்லை. மணல் மூட்டை என்றதுதான் தாங்கவில்லை. பேரைக் கடன் கொடுத்தாள், சரி. அந்த நாற்பத்தோரு நாளையும், அந்தக் கல்லையுமா கொடுத்தாள்? அவளுக்குக் கோபம் வந்தது, அண்ணன் மேல், அம்மா மேல், போய்விட்ட மாப்பிள்ளை மேல், எல்லாரையும்விடத் தன் மேல்.

"மணல் மூட்டை இல்லீங்க, ஆட்டுக்கல்லு" என்றாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு. "எங்கம்மா ஆட்டுக்கல்லு. உள்ள நீங்க தடவுனது அந்தக் கல்லுக் கொத்துனவன் உளித் தடம். தகடு மில்லுல தூக்கிப்போட்ட பஞ்சு மிசினு மூடி. நாப்பத்தோரு நாளு நான் அடிச்சது, நானேதான் அடிச்சது, எங்கண்ணன் அப்பக் கரூர்ல இருந்தான், வந்து எப்படி அடிச்சேன்னுகூடக் கேக்கல. பள்ளமும் நான் வெச்சதுதான். தெரியாம வெச்சேன், ஆனா வெச்சது வெச்சதுதான். இந்த வண்டியப் பத்தி இன்னுங் கேளுங்க, சொல்றன். சீட்டுத் தெச்சது ரெக்சின் கடைப் பாத்திமா, கியர் குச்சி கடைஞ்சது மூணாம் நம்பர் லேத்து, சைலன்சரு கரும்பு மிசின் குழாயி. அமெரிக்காவுல இது ஒரு வருசம்கூட இருக்கல. அம்பத்துநாலு வருசம் இங்க கெடந்து, இங்க இடிபட்டு, இங்க பொழைச்ச வண்டி. அண்ணன் அடிச்சான்னு நான் சொன்ன பேச்சத் திரும்ப எடுத்துக்கறேன்."

தோசை அளவுத் துரு விளிம்பிலிருந்து சுருண்டு, உதிர்ந்து, புல்லில் ஒரு கைப்பிடிப் பழுப்புப் பொடியாக விழுந்தது. சபாபதி, "அக்கா, உங்களுதா அது" என்று மட்டும் சொன்னான். எலுமிச்சை அளவுத் துரு அப்படியே இருந்தது.

எத்திராஜ் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். சுற்றிலும் வேறு கார்க்காரர்கள், சங்கத்துக்காரர்கள், போன் பிடிக்கிறவர்கள், எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷத்துக் கண்டிப்பு அவர் முதுகை நிமிர்த்தியது. ஒரு கையைக் காட்டெருமையின் டிக்கி மேல் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இவ்வளவு தெரிஞ்சதுக்கு அப்புறம் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. இது போலி. மொத்த வண்டியும் போலி."

அவருடைய ஐந்து விரல்களுக்கு இடையிலும் துரு கிளம்பி, மோதிரத்தைத் தொட்டு நின்றது.

சென்னைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கை பழுப்பாக இருந்தது. பட்டறை வீதிக்காரர்கள் ஒருத்தரும் கத்தவில்லை, சிரிக்கவில்லை. பஸ்ஸில் சில்லறையைக் கீழே போட்டவரிடம் எடுத்துச் சொல்வதுபோல சபாபதிதான் சொன்னான்:

"பேச்சத் திரும்ப எடுத்துக்கங்க சார். போயிரும்."

எத்திராஜ் காந்தம் சுற்றிய கைக்குட்டையை உதறி உள்ளங்கையை இரண்டு தடவை துடைத்தார், பழுப்பு போகவில்லை. தரையில் படுத்து அந்த உளித் தடத்தைத் தடவியபோது அவர் மனசு என்ன சொன்னது என்பது அவருக்கும் காட்டெருமைக்கும் மட்டும்தான் தெரியும்.

"திரும்ப எடுத்துக்கறேன்" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். "போலி இல்ல. என் வாழ்க்கையில இப்படி ஒரு வேலையை நான் தொட்டது கிடையாது." டிக்கி தெளிந்தது. "ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கும்மா. ஃபேக்டரில பூட்டின பாகத்துக்குத்தான் மார்க். இந்த மட்கார்டுக்கு ஜீரோ. வண்டிக்குக் கோப்பை கிடையாது."

எல்லாரும் காரைப் பார்த்தார்கள். ஒரு புள்ளி விழவில்லை. ஜீரோ மெய்தான்.

"மார்க்கு உங்களுதுங்க" என்றாள் துளசிமணி. "மட்கார்டு என்னுது."

அவர் ஃபாரத்தை எடுத்து, பாகம் செய்தவர் என்ற கட்டத்தில் அச்சடித்திருந்த ஃபேக்டரி என்ற சொல்லை அடித்துவிட்டு, "பேரு, இனிஷியலோட" என்றார். சொன்னாள். எழுதிக்கொண்டார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று ஃபாரத்தை அவளிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

கோவர்த்தனனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இத்தனை நேரம் கட்டிவைத்திருந்த வாய் உடைந்துவிட்டது. "மானம் போச்சு! இந்த ஓட்டை வண்டி எனக்கு வேண்டவே வேண்டாம், உக்கடத்துல பழைய இரும்புக்குப் போடுங்க!" என்று பானட்டில் ஓங்கி அடித்தார். அடித்த இடத்திலிருந்து துரு இரண்டு ஹெட்லைட்டுக்கும் ஓடியது. சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருகிய வண்டி அது. அவர் அதைப் பார்த்தார், பட்டறை வீதி முழுக்க அவரைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது, சபாபதி வாயைத் திறப்பதற்குள், "தெரியும்யா, தெரியும்" என்று கத்திவிட்டு, "எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்கால வெயிலில் துளசிமணி இடதுபக்கக் கதவைத் திறந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். எட்டு சிலிண்டரும் விழித்துக்கொண்டன, மேஜை மேல் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. நாச்சிமுத்து கேடயம் இல்லாத கையோடு, போகிறவர்களுக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி நின்றிருந்தான். அவனுடைய எலுமிச்சைத் துரு மட்கார்டில் இன்னும் இருந்தது. தேய்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவன் வைத்தது, அவன்தான் எடுக்க வேண்டும்.

"ஏறுணா" என்றாள். "வழியில சொல்லிக்கலாம்."

அவன் பின்சீட்டில், இடதுபக்க ஜன்னலோரம் ஏறிக்கொண்டான். காட்டெருமை மைதானத்தை விட்டு இறங்கி, பாலத்தடியில் உறுமி, ராமநாதபுரம் சிக்னலைத் தாண்டியது. பஸ்ஸில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள், பைக்கில் போனவர்கள் வழிவிட்டார்கள், இரண்டு பக்கத்துப் பள்ளத்திலும் வெயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சிங்காநல்லூர் வரும்வரை அவன் மட்கார்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். குளத்து மேட்டில் திரும்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, காற்றில் ஏதோ சொன்னான். எட்டு சிலிண்டர் சத்தத்தில் அவளுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, திரும்பிக் கேட்கவும் இல்லை; பக்கக் கண்ணாடியை மட்டும் லேசாகத் திருப்பிப் பார்த்தாள், அதில் அவளுடைய மட்கார்டு ஒரு பொட்டுத் துரு இல்லாமல், முழுசாக, கத்தரிப்பூ நிறத்தில் வந்துகொண்டிருந்தது.